படுத்த கோடும் சாய்ந்த கோடும்

விமானத்தில் சாமான்களோடு சாமானாகத் தன் மின்சார வீல்சேரை ஏற்றிவிட்டதிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. இறங்கிய ஊரில் அது ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் மூச்சு சீரானது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் கால்களின் பலத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அன்று முதல் மற்றவர்கள் தள்ளிக்கொண்டு போன இடத்துக்கெல்லாம் போனவள், சொந்தக் காசில் இந்த வண்டியை வாங்கிய பிறகு யாரையும் கேட்காமல் போய் வந்தாள். இப்போது அழைத்துப் போக வந்திருந்த தம்பி பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னால் மூச்சிரைக்க ஓடிவர, அவள் முன்னால் ஜம்மென்று ஓட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கடல் கடந்து குடியேறிய தமிழர்களுக்காக அவள் ஊரில் நடக்கும் ஒரு பதிப்பகத்தில் அக்கா பிழை திருத்துபவள். எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது, எங்கே துணைக்கால் விழுந்திருக்கிறது என்று நாள் முழுக்கப் பொடி எழுத்தைத் துருவுகிற வேலை. வேலை முடிந்தாலும் கண் சும்மா இருக்காது. மருந்துப் பாட்டில், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், பிஸ்கெட் உறை என்று எது கைக்கு வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். அதனால் தம்பி அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. பதிலுக்கு அவள் அவனுக்கு வைத்தது அவசரம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியிலேயே பிறந்தவன் அவன். பிறந்த விதம் போலவே இருந்தது வளர்ந்த விதமும்.

அவன் இந்த ஊரில் கடைகளுக்கு முகப்புக் கண்ணாடி பொருத்துகிற வேலை பார்த்தான். அவன் மனைவி ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். விடியும் முன்னே போனால் மதியத்துக்குத் திரும்பிவிடுவாள். கல்யாணமான கையோடு இருவரும் இங்கே வந்துவிட்டார்கள். அக்கா அவர்கள் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"நீங்க ரெண்டு பேரும் லீவெல்லாம் போட வேண்டாம். என் வண்டி இருக்கு, நான் பாட்டுக்கு ஊரைச் சுத்திப் பாத்துக்கறேன்" என்று கிளம்பும் முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் அவள் வந்த மறுநாள் தம்பி லீவு போட்டிருந்தான்.

அன்று காலையில்தான் வண்டியின் சார்ஜரை வெளியே எடுத்தாள். செங்கல் அளவில், செங்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் ஒயர் நுனியில் இருந்த பிளக்குக்கு மெலிந்த தட்டையான கால்கள் இரண்டும் உருண்டையான கால் ஒன்றும் இருந்தன. தம்பி வீட்டுச் சுவரிலோ தடித்த பட்டையான மூன்று துளைகள். கீழே இருந்த இரண்டு துளைகளையும் உள்ளிருந்து ஒரு வெள்ளைத் தகடு மூடியிருந்தது.

"என்னடா உங்க சுவரு, வாயை இறுக்க மூடிக்கிட்டு நிக்குது?"

"இதெல்லாம் ஒரு விஷயமா?" தம்பி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "மேல இருக்கற ஓட்டைல இதை விட்டுக் குத்தினா கீழ ரெண்டும் தானா திறந்துக்கும். அப்புறம் அமுக்கிச் சொருகிட வேண்டியதுதான். இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"நான்."

"முதல்ல பேனாவைக் கீழ வை. கண்டதையும் உள்ள விடக் கூடாதுன்னுதானே மூடி போட்டு வச்சிருக்கான்? அதைக் குத்தித் திறந்துட்டு, பொருந்தாத பிளக்கை வேற திணிக்கப் போறியா?"

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தான். போன வேகத்திலேயே திரும்பி வந்து, நடைபாதைக் கடையில் வாங்கிய வெள்ளை அடாப்டர் ஒன்றை அவள் மடியில் வைத்தான். "உலகத்துல எந்த ஊரு பிளக்கும் இதுக்குள்ள போயிடுமாம். கடைக்காரன் சத்தியம் பண்றான்."

அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முட்டை ஓடு மாதிரி எடையே இல்லை. தன் பிளக்கை அதில் சொருகினாள். போகத்தான் போனது. ஆனால் விழப்போகிற பல் மாதிரி லொடலொடவென்று ஆடியது. திருப்பிச் சுவர்ப் பக்கம் போகும் கால்களைப் பார்த்தாள். இரண்டு உலோகம். மூன்றாவதை நகத்தால் சுரண்டினாள்.

"இந்த மூணாவது கால் வெறும் பிளாஸ்டிக்குடா. அப்ப என் பிளக்கோட மூணாவது கால் உள்ள போய் எதைத் தொடும்?"

"எர்த்துதானே? அது சும்மா, பேருக்கு."

"சும்மா, பேருக்கு எவனாவது பித்தளையைச் செலவு பண்ணுவானா?"

தம்பி அடாப்டரை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் கிழவனாயிடுவேன்" என்று முனகிக்கொண்டே படுக்கையறைப் பக்கம் போனான்.

அக்கா சார்ஜரைத் திருப்பினாள். அதன் முதுகில் வெள்ளி நிறத்தில் ஒரு தகடு. எறும்பு ஊர்ந்தது போல எழுத்துகள், பாதி தேய்ந்துவிட்டன. கைப்பையிலிருந்து வேலைக்கு வைத்திருக்கும் லென்ஸை எடுத்து நெற்றியைச் சுருக்கினாள். உள்ளே வாங்கிக்கொள்ளும் மின்சாரம் எவ்வளவு என்று சொல்கிற வரி கிடைத்தது. 115, ஒரு சாய்ந்த கோடு, 230 வோல்ட்.

நேற்று இரவு தன் போனை இங்கே தம்பியின் சார்ஜர் ஒயரில் மாட்டியது நினைவுக்கு வந்தது. தன்னுடைய போன் சார்ஜரைத் தேடி எடுத்து அதன் முதுகையும் படித்தாள். 100, ஒரு படுத்த கோடு, 240.

அங்கேயே அவள் கண் நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு இரண்டும் கோடுதான். பக்கத்துக்கு நூறு கோடு பார்க்கிறவளுக்கு அப்படி இல்லை. படுத்த கோடு என்றால் இதிலிருந்து அதுவரை. சாய்ந்த கோடு என்றால் இது, அல்லது அது. போன் சார்ஜர் நூறிலிருந்து இருநூற்று நாற்பது வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். வண்டியின் சார்ஜர் அப்படியில்லை. இதுவா அதுவா என்று யாரோ முடிவு செய்ய வேண்டும். யார் முடிவு செய்வது? எங்கே?

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருந்தது. இந்த வீட்டுச் சுவருக்குள் வருவது எவ்வளவு?

அவள் வண்டியைக் கிளப்பினாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெட்டிலைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்தாள். 220, படுத்த கோடு, 240. அப்படியென்றால் சுவருக்குள் வருவதும் அதுதான். இது இந்த ஊர்க்காரன், வேறெங்கும் குடும்பம் நடத்தாது. இஸ்திரிப் பெட்டி, அதே கதை. தம்பியின் மீசை வெட்டுகிற மிஷின், படுத்த கோடு, நூறிலிருந்து இருநூற்று நாற்பது. இது ஊர் சுற்றி. அப்படியானால் சூடு போடுகிறவை எல்லாம் வீட்டோடு கிடப்பவை, பேட்டரியில் ஓடுகிற குட்டிச் சாமான்கள்தான் எங்கேயும் பிழைத்துக்கொள்பவை போலிருக்கிறது. அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒரு வீட்டைச் சுற்றிப் பார்க்க இப்படியும் ஒரு வழி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, குனிந்து, ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் படிக்கத் தொடங்கினாள்.

"அக்கா, உன் பையில இருக்கற ஹேர் டிரையரை எடுத்துக்கறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ம்" என்றாள், படித்துக்கொண்டே.

அடுத்த நொடி படுக்கையறையில் ஏதோ விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு இரைச்சல். அதற்கு மேல் தம்பியின் சந்தோஷக் குரல்.

"பாத்தியா! அடாப்டர் ஆகாதுன்னியே! நம்ம ஊரைவிட இங்க பிரமாதமா ஓடுது!"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தபோது, டிரையரின் வாய்க்குள் கம்பிகள் பழுத்துச் சிவந்திருந்தன. ரப்பர் கருகுகிற வாடை. இரைச்சல் கீச்சென்று ஏறி அறுந்துபோக, பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. தம்பி டிரையரைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரிலிருந்த அடாப்டரைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

"தொடாதே! சுவிட்சை அணை! சுவிட்சைடா!"

அவன் கை சுவிட்சுக்குப் போவதற்குள் எங்கேயோ டப்பென்று ஒரு சத்தம். விளக்கு போனது. இதுவரை உறுமிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜும் பேச்சை நிறுத்தியது. வீடு முழுக்க அமைதி. தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். டிரையரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்ததால் மீசையின் ஒரு பக்கம் சுருண்டிருந்தது.

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லக்கா." சுவரிலிருந்த அடாப்டரைப் பார்த்தபடி, "அடாப்டர் மாத்திக் கொடுக்கும்னு நினைச்சேன்" என்றான்.

"அது காலை மாத்துதுடா. உள்ள வர்ற வோல்ட்டை, அந்த வேகத்தை, அது எங்க மாத்துது? நம்ம ஊர்ல வர்றது இங்க வர்றதுல பாதிதான், அந்த வேகத்துல ஓடறதுக்குன்னு செஞ்ச பொருள் அது."

தம்பி மனைவி பேக்கரியிலிருந்து வந்தபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. மூக்கை உறிஞ்சியபடி உள்ளே வந்தவள், தரையில் கிடந்த டிரையரைப் பார்த்தாள், கணவனின் மீசையைப் பார்த்தாள்.

"இப்ப எதைக் கொன்னீங்க?"

"இப்பன்னா? இதுக்கு முன்னாடி வேறயா?" என்றாள் அக்கா.

"இங்க வந்த புதுசுல மிக்ஸி, அண்ணி. அது எங்க கல்யாணத்துக்கு நீங்க வாங்கிக் கொடுத்தது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் வாயைக் கட்டிப் போட்டிருந்தாரு."

சுவர்ப் பெட்டியில் சுவிட்சை மேலே தள்ளிக் கரண்டை வரவைத்தது தம்பி மனைவிதான். அடாப்டரை எடுத்துப் பார்த்தார்கள். டிரையரின் கால்கள் நுழைந்த இடத்தில் பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருந்தது. அக்கா அதைத் தம்பியிடம் நீட்டினாள்.

மூவரும் தெருக்கோடியில், சரிவுக்குக் கீழே இருந்த மின்சாதனக் கடைக்குப் போனார்கள். வண்டியில் சார்ஜ் கால்வாசிக்கும் கீழே இறங்கியிருந்தது. கடைக்காரம்மா உயரமானவள், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். இந்த ஊர்ப் பாஷை அக்காவுக்குத் தெரியாது. தம்பிதான் நடுவில் நின்றான். அக்கா சார்ஜரை நீட்டி நான்கைந்து கேள்வி கேட்டாள். கடைக்காரம்மா கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினாள்.

"சரியாம்" என்றான் தம்பி.

"இவ்ளோ நேரம் பேசினது 'சரியாம்'தானா? நீ நகரு. அம்மாடி, நீ சொல்லு."

தம்பி மனைவி ஒன்றையும் விடாமல் சொன்னாள். "மூணு காலுள்ள பிளக்குக்கு மூணும் உலோகமா இருக்கற அடாப்டர்தான் வேணுமாம். எங்கயாவது கரண்டு கசிஞ்சா, அது நம்ம மேல வராம அந்த மூணாவது கால் வழியாத்தான் தரைக்குப் போகுமாம். அடாப்டருக்குள்ள ஒரு ஃபியூஸ் இருக்கணுமாம். அடாப்டர் மேல அடாப்டர் போட்டுக் கோபுரம் கட்டக் கூடாதாம். சொருகினா ஆடக் கூடாது, தொட்டுப் பாத்தா கை பொறுக்காத சூடு இருக்கக் கூடாது."

"சூடு பண்ற சாமானுக்கு?"

"அதுக்கு வேகத்தைக் குறைக்கற பெட்டி தனியா இருக்காம். ஆனா அது டிரையரைவிட பத்து மடங்கு கனமா இருக்குமாம். பேசாம இங்கயே ஒண்ணு வாங்கிக்கோங்கன்னு சொல்றாங்க."

அக்காவுக்கு வாய் ஓயவில்லை. பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. "ஊருக்கு ஊரு ஏன் இப்படி வேற வேறயா வச்சிருக்காங்கன்னு கேளு."

கடைக்காரம்மா சிரித்தாள். வரிசையில் நின்ற ஒருவரும் காது கொடுத்தார். முதன்முதலில் கம்பி இழுத்தபோது அவரவர் தோன்றியபடி இழுத்துவிட்டார்களாம். பிறகு ஒன்றாக்கலாம் என்று பேசியபோது எவரும் தங்கள் சுவரை உடைக்கத் தயாராக இல்லையாம். "இவங்க வீட்லயும் அதேதான், அவங்க அப்பா தான் போட்ட சுவிட்சை மாத்த விடமாட்டேங்கறாருன்னு சொல்றாங்க" என்று தம்பி மனைவி சேர்த்துச் சொன்னாள்.

கடைசியாக அந்த இதுவா அதுவா கேள்வி. கடைக்காரம்மா சார்ஜரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அக்காவின் லென்ஸை வாங்கிக்கொண்டும் பார்த்தாள். ஒயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில், தூசி படிந்த ஒரு பள்ளத்துக்குள், அக்காவின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஊதினாள். சிவப்பு நிறத்தில் குட்டி சுவிட்சு ஒன்று. அதன் மேல் 115 என்று தெரிந்தது. அத்தனை வருஷமாக அந்தச் சார்ஜரைத் தினமும் தொட்டிருக்கிறாள். அங்கே ஒரு சுவிட்சு இருப்பது அவளுக்கே தெரியாது.

"பேனா விட்டுக் குத்தி இதைச் சொருகியிருந்தா இதுவும் போயிருக்கும்" என்று தம்பி மெதுவாகச் சொன்னான்.

அது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூவருக்கும் தெரியும். டிரையர் போனால் தலை ஈரமாக இருக்கும், அவ்வளவுதான்.

கடைக்காரம்மா சுவிட்சை உடனே தள்ளிவிடவில்லை. வண்டி விற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றாள். அக்கா சுவிட்சைப் படமெடுத்து, ஊரில் வண்டியைப் பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்பினாள். மூன்று காலும் உலோகமான அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

திரும்பி வரும்போது சரிவு ஏறுமுகம். பாதி வழியில் கைப்பிடி அருகே இருந்த சிவப்பு விளக்கு சிமிட்டியது. இன்னும் கொஞ்ச தூரம் முக்கி முனகிப் போன வண்டி நின்றேவிட்டது. சக்கரத்தை விடுவிக்கிற நெம்புகோலை அக்கா தானே குனிந்து இழுத்தாள். தம்பி பின்னால் போய்ப் பிடித்தான். இன்னொருவர் கையில் அவள் போய்ப் பல வருஷமாகியிருந்தது. பேட்டரியோடு சேர்த்து அந்த வண்டி ஒரு சின்னக் கார் போலக் கனத்தது. தம்பிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, மனைவியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உனக்குக் கஷ்டமா இருக்கா?"

"உனக்குத்தான் கஷ்டம். வாயை மூடிட்டுத் தள்ளு."

வீட்டுக்குள் நுழையும்போதே போன் ஒலித்தது. ஊர்க் கடையிலிருந்து பதில். சார்ஜர் எதிலும் சொருகாமல் இருக்கும்போது சுவிட்சைத் தள்ள வேண்டும், 230 என்று தெரிந்த பிறகே சொருக வேண்டும், ஊருக்குத் திரும்பியதும் மறக்காமல் பழையபடி தள்ளிவிட வேண்டும். தம்பி தன் கருவிப் பையிலிருந்து மெல்லிய திருப்புளி ஒன்றை எடுத்து வந்து அக்காவிடம் நீட்டினான். தானே செய்கிறேன் என்று கேட்காதது அவனுக்கே புதுசு. அக்கா நுனியை வைத்து அழுத்தினாள். டிக். சிவப்பில் 230 வந்து நின்றது.

சார்ஜரை மெத்தை, துணி எதன் மேலும் வைக்காமல் வெறும் தரையில் வைத்தார்கள். புது அடாப்டரில் பிளக் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. சுவரிலிருந்த சுவிட்சை அக்கா போட்டாள். மூவரும் பெட்டிப் பக்கம் குனிந்தார்கள். பெட்டிக்குள் சின்ன விசிறி சுழலும் சத்தம் கேட்டது. பிறகு ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"ஏறுதுக்கா!"

"பொறு. கொஞ்ச நேரம் பக்கத்துலயே இருந்து பாப்போம்."

புறங்கையை அடாப்டரின் மேல் வைத்துப் பார்த்தாள். வெயிலில் இருந்து வந்த பூனை முதுகு மாதிரி, சும்மா ஒரு வெதுவெதுப்பு. காத்திருக்கிற நேரத்தில் அவள் அந்தக் கோடுகளின் கதையைச் சொன்னாள். படுத்தால் இதிலிருந்து அதுவரை, சாய்ந்தால் இதுவா அதுவா.

தம்பி மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய் நாற்காலி மேல் ஏறி, அலமாரிக்கு மேலே சட்டியும் பழைய போர்வையும் அடுக்கியிருந்த இடத்தில் கையை விட்டாள். நீளமான ஒரு பெட்டியை இழுத்து இறக்கினாள். தூசி கொட்டியது. உள்ளே ஒரு கீபோர்டு.

"கல்யாணத்துக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கு இதுல பாட்டு சொல்லிக் கொடுப்பேன், அண்ணி. மிக்ஸி புகைஞ்ச அன்னிக்கு இவரு, நம்ம ஊரு சாமான் எதையும் இனிமே சொருகாதே, வெடிச்சிடும்னாரு. பயந்துபோய்த் தூக்கி வச்சேன். அப்புறம் இறக்கவே இல்ல."

அதன் சார்ஜரை அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா லென்ஸை எடுத்தாள், படித்தாள், லென்ஸையும் சார்ஜரையும் அவளிடமே கொடுத்தாள். தம்பி மனைவி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"படுத்திருக்கு" என்றாள். விரலால் அந்த வரியைத் தடவினாள். "நூறிலிருந்து இருநூத்தி நாப்பது. இவ்ளோ நாளும் இது படுத்துதான் இருந்திருக்கு."

தம்பி சுருண்ட மீசையைத் தடவிக்கொண்டான்.

வேறொரு சுவரில், தம்பி தன் போனுக்கென்று வைத்திருந்த, இரண்டு கால் மட்டும் நுழையும் நல்ல அடாப்டரில் அதைச் சொருகினார்கள். சிவப்புப் பொட்டு எரிந்தது. தம்பி மனைவி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நகத்துக்கடியில் இன்னும் மாவு இருந்தது. முதலில் விரல்கள் தடுமாறின. நடுவில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டிருந்தது, அந்த இடம் வரும்போதெல்லாம் பாட்டு ஒரு பல் விழுந்த சிரிப்பாகச் சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. மறந்த இடத்துக்குத் திரும்பிப் போய், அதையே மறுபடி வாசித்து, தானே தலையாட்டிக்கொண்டு முன்னே போனாள்.

தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சார்ஜரின் பக்கத்தில் தலையைச் சாய்த்து, போன் வெளிச்சத்தில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதுக்கு ரெண்டே கால்தான் இருக்கு. மூணாவது கால் இல்லையே, பரவாயில்லையா? அப்புறம் இங்க ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் போட்டிருக்கான். அது என்ன?"

அக்கா லென்ஸை வாங்கிக் குனிந்தாள். ஆமாம், பெரிய சதுரம், அதற்குள் சின்னச் சதுரம். தன் போன் சார்ஜரை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது. வண்டியின் சார்ஜரில் இல்லை. பிழை திருத்துகிற வேலையில் அவள் எத்தனையோ குறிகளைப் பார்த்திருக்கிறாள், இது எந்தப் புத்தகத்திலும் வந்ததில்லை.

"தெரியலையேடா."

"கடை இன்னும் மூடியிருக்க மாட்டாங்க" என்று தம்பி எழுந்து செருப்பைத் தேடினான்.

"இரு, இரு. என் வண்டில இதுவரை ஏறின சார்ஜ் போதும், நானும் வரேன். நீ போனா 'சரியாம்'னு வந்து சொல்லுவ."

சுவிட்சை அணைத்துவிட்டு, வண்டியின் சார்ஜர் பிளக்கைப் பிடித்து நிதானமாக இழுத்தாள். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருக்க, அக்காவும் தம்பியும் சரிவில் இறங்கினார்கள். மறுபடியும் முன்னால் ஓட்டிக்கொண்டு போனது அவள்தான்.